மலையேறினால் தீரும் களைப்பா இது?

சனிக்கிழமை காலையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும்; நம் காலத்து நடுவயதினரின் நிலையை அறிய வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் ஒன்றையொன்று முட்டும் நெருக்கத்தில் ஏறுகின்றன. ஓட்டுபவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர், அறுபதை எட்டாதவர். காதில் கைப்பேசி, மறுமுனையில் அலுவலகம். பின்னிருக்கையில் நுழைவுத் தேர்வுப் புத்தகத்தோடு மகள். பக்கத்தில், வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இரண்டு நாளைக்கான மாத்திரைகளை எண்ணி வைத்து, குழம்பு வைத்து இறக்கிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் கண்ணயர்ந்த மனைவி. இவர்கள் ஓய்வெடுக்கப் போகிறார்கள்! ஞாயிறு மாலை அதே வளைவுகளில் அதே அவசரத்தோடு இறங்குவார்கள். திங்கட்கிழமை காலை, விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடரும்.

எள்ளி நகையாட இதை எழுதவில்லை. அந்த வரிசையில் நாங்களும் இருந்தோம். ஒரே பங்கைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். எங்களுள் ஒருவருக்கு இதயக் குழாயில் 'ஸ்டென்ட்' வைத்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. இன்னொருவர் மாத்திரையின்றி உறங்கி ஆண்டுகள் பல. ஆயினும் முதல் நாள் இரவு கூடியமர்ந்து நாங்கள் பேசியவை யாவை? திருவிழாக் கணக்கு, வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் மதிப்பெண், பங்குப் பேரவையின் அடுத்த கூட்டம். வீடு திரும்பிய பத்தாம் நாள் களைப்பு தன் பழைய நாற்காலியில் வந்து அமர்ந்துகொண்டது.

நடுவயதின் களைப்பு இடம் மாறினால் தீர்வதன்று. நடை மாறினால்தான் தீரும். இதை மறைத்து மலையை மருந்தாக விற்கும் வணிகத்தை மட்டும் நாம் குறை கூறிப் பயனில்லை. ஓய்வின்மையைப் புண்ணியமாகப் போற்றும் நம் பக்தியும் இந்த வணிகத்தின் கூட்டாளியே என்பதுதான் எங்கள் வழக்கு.

மஞ்சக்குட்டையில் கற்கத்தக்கது ஒன்று இருந்தது. அது விடுதியின் விளம்பரத்தில் இல்லை. இரண்டாம் நாள் காலையில் தோட்டத்தின் ஓரமாக நடந்தபோது, வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரைக் கண்டோம். இத்தனை சில்வர் ஓக் மரங்களும் பலா மரங்களும் வெயிலை மறைக்கின்றனவே, இவற்றை வெட்டிவிட்டால் காப்பி இன்னும் நன்றாகக் காய்க்காதா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். வங்கியில் பணிபுரிபவர், விளைச்சலைப் பற்றித்தான் கேட்பார். மேஸ்திரி சிரித்தார். "காய்க்கும்ங்க. பேய்க் காய்ப்பு காய்க்கும். ரெண்டு வருசம் பாக்கவே அவ்வளவு நல்லா இருக்கும். அப்புறம் நுனியில இருந்து கருகிக்கிட்டே வரும்ங்க" என்றார்.

அவர் கூறியது தோட்டக்கலை அறிந்தோர் யாவரும் ஒப்பும் உண்மை. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார் என்பர். அன்று முதல் இங்கே வளர்வது பெரும்பாலும் அரபிகா இனம். அது பிறப்பிலேயே நிழல் தேடும் செடி. எத்தியோப்பியாவின் மலைக்காடுகளில் பெருமரங்களின் கீழ் வளர்ந்த குலம். அதன்மேல் முழு வெயில் பட்டால் கணுவுக்குக் கணு பூக்கும். கிளை வளையக் காய்க்கும். அத்தனை காய்களுக்கும் உணவூட்ட இலைகளால் இயலாது. ஆகவே செடி தன் தண்டிலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்தை எடுத்துக் காய்களுக்குக் கொடுத்துவிடும். இலை உதிரும், கிளை நுனி கருகும், மறு ஆண்டு பாதிக் காய்ப்பும் இராது. வெயில் படும் தண்டை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டும் எளிதில் தேடிவரும். நிழலில் நிற்கும் செடியோ ஆண்டுதோறும் அளவாகக் காய்த்துப் பல்லாண்டு நிற்கிறது. அதன்மேல் ஆண்டுதோறும் கவாத்து வேறு. ஓய்ந்த செடியாயின் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டிவிடுவதும் உண்டு. ஓரிரு பருவம் காய் இராது என்று தெரிந்தே வெட்டுகிறார்கள். அப்போதுதான் அடியிலிருந்து புதிய தளிர் வரும்.

வங்கி நண்பர் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அவர்தாம்.

பேய்க் காய்ப்பைத்தான் நாம் 'சாதனை' என்கிறோம். நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் ஒருவர் மீது விழும் வெயில் கொஞ்சமன்று. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் வயது அது. வேலையிடத்தில் மேலே இருப்பவர் கேட்பதையும் கீழே இருப்பவர் செய்யாததையும் சேர்த்துச் செய்யவேண்டிய வயது. இருபத்தைந்தில் இருந்த உடல் இல்லை. ஆனால் இருபத்தைந்தில் ஏற்றுக்கொண்ட வேகம் அப்படியே இருக்கிறது. எவரும் அதைக் குறைக்கச் சொல்வதில்லை. காய்த்துக் குலுங்கும்வரை செடியைப் பார்த்து மகிழத்தானே எல்லாருக்கும் தெரியும்!

விவிலியத்தில் இந்த வயதுக்குரிய பகுதி ஒன்று உண்டு. நம் மறையுரைகளில் அது அரிதாகவே பேசப்படுகிறது. தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரம். இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் மனைவியர், பிள்ளைகள், மந்தைகள் சூழ ஊர் திரும்புகிறார் யாக்கோபு. முந்தைய இரவுதான் யாபோக்கு ஆற்றங்கரையில் முகமறியாதவரோடு மற்போரிட்டுத் தொடைச்சந்து பிசகியிருக்கிறது. நொண்டி நொண்டி நடக்கிறார். அண்ணன் ஏசா நானூறு பேரோடு வந்து தழுவிக்கொண்டு, வா, சேர்ந்து பயணம் செய்வோம் என்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் உள்ளன, ஒரு நாள் விரைந்து ஓட்டினாலும் மந்தை முழுவதும் மடிந்துவிடும், நீர் முன்னே செல்லும், நான் கால்நடைகளின் நடைக்கும் குழந்தைகளின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருகிறேன் என்பது அவருடைய விடை. (பின்னர் அவர் சொன்னபடி சேயீருக்குப் போகவேயில்லை, சுக்கோத்தில் தங்கிவிட்டார். அது யாக்கோபின் பழைய குணம். அதற்கு நாம் வழக்காட வேண்டியதில்லை.)

இளமையில் குதிங்காலைப் பற்றிக்கொண்டு முந்தப் பார்த்த மனிதர், நடுவழியில் தாமே பின்தங்க ஒப்புகிறார். யாரை அளவாக வைத்து? நானூறு வீரரை அன்று, பாலூட்டும் ஆட்டை. புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 64-ஆம் அதிகாரத்தில், மடாதிபதிக்கு நினைவூட்டுவதும் யாக்கோபின் இவ்விடைதான். வலியவர் இன்னும் விரும்பும்படியும் மெலியவர் அஞ்சி ஓடாதபடியும் நடையை அமைக்கவேண்டுமென்பது அவருடைய கருத்து. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அம்மடங்கள் நிலைத்து நிற்பதற்கு அவ்வளவுக்கு மேல் இரகசியம் வேண்டுமா?

இனி, இடமாற்றத்தை நாம் ஏன் ஐயுறுகிறோம் என்பதையும் கூறிவிட வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுசு என்னும் துறவி, நண்பகற் பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். திருப்பாடல் 91-இன் பழைய மொழிபெயர்ப்புகளில் வரும் பெயர் அது. நண்பகலை ஒட்டிய நேரத்தில் அது துறவியைத் தாக்கும். கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும், அறையின் மேல் வெறுப்பு வரும், கைவேலை கசக்கும். அப்போது அந்தப் பேய் ஓதுகின்ற மந்திரம், வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே. நடுவயது வாழ்நாளின் நண்பகல். 14-ஆம் நூற்றாண்டில் செருமானிய நாட்டு மறையுரையாளர் யோவான் தவுலர், நாற்பது வயதுக்கு முன் மனிதனுக்கு உண்மையான அமைதி வாய்ப்பதில்லை என்றும், அதன்பின்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்றும் போதித்தார். நாற்பதில் வரும் கலக்கத்தை அவர் நோயாகக் கருதவில்லை. உள்ளே இறைவன் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடுகின்ற ஓசையாகக் கண்டார். நாமோ அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் விடுதிக்கு முன்பதிவு செய்கிறோம்.

மலைக்குப் போகவே வேண்டாம் என்கிறோமா? இல்லை. இயேசுவே சீடர்களைத் தனிமையான இடத்துக்குச் சற்று ஓய்வெடுக்க அழைத்தவர். ஆனால் அந்த அழைப்பைப் பதிவு செய்த மாற்கு, அவர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதபடி மக்கள் வருவதும் போவதுமாக இருந்ததையும் குறித்திருக்கிறார். ஆண்டவர் பார்த்தது அதை. நம் பங்குகளில் அதை யார் பார்க்கிறார்கள்?

இங்கேதான் நம் வீட்டைச் சற்றுக் கூட்டவேண்டும். இறந்த பொதுநிலையினர் ஒருவரைப் பாராட்டி நாம் அச்சிடும் நினைவு மலரை எடுத்துப் பாருங்கள். ஓய்வறியாதவர், தம் உடலைப் பேணாதவர், குடும்பத்தையும் மறந்து பங்குக்காக ஓடியவர் என்று மூன்று புகழுரைகள் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஏன் இறந்தார் என்னும் வினா மட்டும் இராது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை, பின் வின்சென்ட் தே பவுல் சபை, மாலையில் மரியாயின் சேனை, இரவில் அன்பியக் கூட்டம். ஒரே ஆள் நான்கிலும் இருப்பார். அவர் மனைவி அந்த நாளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் நாம் கேட்பதில்லை. தாலந்து உவமையைச் சொல்லி அவரை விரட்டுகிறோம். சிலுவையைச் சொல்லி வாயடைக்கிறோம். சிலுவை ஆண்டவர் ஒருமுறை மனமுவந்து ஏற்றது. கூட்ட நிகழ்ச்சி நிரலுக்கு அந்தப் பெயரைச் சூட்ட நமக்கு அதிகாரமில்லை.

விடுதலைப் பயண நூலில் காலை முதல் மாலை வரை தனியொருவராய் வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீர் செய்வது நல்லதன்று என்று கண்டித்தவர் அவருடைய மாமனார் இத்திரோ. அவர் கூறியதில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு: மோசே மட்டுமன்று, அவரோடு உள்ள மக்களும் சோர்ந்துபோவார்கள் என்றார். பொறுப்பைக் கையளிக்காதவர் தம்மை மட்டும் தீய்த்துக்கொள்ளவில்லை. வாசலில் வரிசையில் நிற்பவர்களையும் தீய்க்கிறார். எலியாவின் கதையும் இதே. சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த இறைவாக்கினருக்கு வானதூதர் அறிவுரை எதுவும் கூறவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும், பின் உறக்கம், மீண்டும் அப்பம், தண்ணீர். வழி நெடியது என்று மட்டுமே சொல்லப்பட்டது. நம்மிடம் எலியா வந்திருந்தால் மூன்று நாள் தியானத்துக்கு அனுப்பியிருப்போம்.

வெளியுலகின் குரல் நமக்குத் தெரிந்ததே. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 சனவரியில் பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றின் தலைவர் 90 மணி நேரத்துக்கு உயர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை வாங்க இயலவில்லையே என்று வருந்தினார். வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். இப்பேச்சுக்கு விடை அவற்றுக்கு முன்பே வந்துவிட்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக 2016-ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர். 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட இவர்களுக்குப் பக்கவாத இடர் 35 விழுக்காடு மிகுதி. இறந்தோருள் பெரும்பாலோர் 60 முதல் 79 வயதினர். தங்கள் 45-ஆம் வயதுக்கும் 74-ஆம் வயதுக்கும் இடையில் அப்படி உழைத்தவர்கள். நடுவயதில் வாங்கிய கடன் முதுமையில் கேட்கப்படுகிறது.

இந்நாட்டில் மே நாளை முதன்முதல் கொண்டாடியவர் சிங்காரவேலர்; சென்னைக் கடற்கரையில், 1923 மே 1. சரியாக நூறாண்டு நிறையும் வேளையில், 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது; மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் கூவின. நம் ஆலயங்களில் அந்தப் பத்து நாள்களில் இதைப் பற்றி ஒரு மறையுரை கேட்டோமா? ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமையாக 1891-இலேயே 'ரேரும் நோவாரும்' திருமடலில் எழுதிய 13-ஆம் சிங்கராயரின் பிள்ளைகள் நாம்.

ஒரு மறுப்புரை உண்டு. அதை மழுப்ப விரும்பவில்லை. மெல்ல நடப்பது வசதியுள்ளவனின் ஆடம்பரம், தறி ஓட்டுபவனுக்கும் வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்பவனுக்கும் நடையைக் குறைத்தால் அடுப்பு எரியாது என்பர். பாதி உண்மை. அதனாலேயே இதைத் தனி மனிதனின் மனக்கட்டுப்பாட்டுக்கு விட்டுவிட இயலாது. இணைச்சட்ட நூலில் ஓய்வு நாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்பதில்லை. மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, வாசலில் தங்கிய அந்நியன் என்று இறங்கி வருகிறது. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாயே என்று காரணமும் சொல்கிறது. ஓய்வு என்பது என் வேலையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு நான் சாய்வது அன்று. நடையை நிறுவுகிறவர்கள் அதைத் தளர்த்தவேண்டும். நடுவயதினராகிய நம்முள் எத்தனை பேர் மேலாளர்கள், முதலாளிகள், தலைமையாசிரியர்கள்! ஞாயிறன்று ஆசிரியரைக் கூட்டத்துக்கு அழைக்கும் நிறுவனங்களுள் சிலுவை பொறித்த பெயர்ப்பலகை உள்ளவை இல்லையா?

தமிழ்நாட்டின் துணிக்கடைகளில் பெண்கள் நாள் முழுதும் நின்றே வேலை செய்தார்கள். உட்கார இருக்கை தரவேண்டும் என்று சொல்ல 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அதற்கு முன் நாமெல்லாம் அக்கடைகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணி எடுத்தவர்கள்தாம். அந்தப் பெண்களின் கால்களை நாம் பார்த்ததில்லை.

மஞ்சக்குட்டையிலும் முதல் நாள் பார்க்கவில்லை. ஞாயிறு காலையில், ஏற்காட்டு ஆலயத்தில் திருப்பலி கண்டு திரும்பியபோதுதான் கண்டோம்: விடுதியின் பின்புறம், நாங்கள் விரித்துப் படுத்த விரிப்புகளைக் குளிர்ந்த நீரில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. எங்கள் வயதுதான் இருக்கும். சனி, ஞாயிறு என்றால் கூட்டம், விடுப்பே இல்லை என்றார். இன்று பூசைக்குப் போகவில்லையா என்று எங்களுள் ஒருவர் அறியாமல் கேட்டுவிட்டார். "நீங்க போய்ட்டு வந்துட்டீங்கல்லங்க, போதும்" என்றார் அவர். நகைச்சுவையாகச் சொன்னாரா என்று இதுவரை எங்களுக்குத் தெளிவில்லை. எங்கள் ஓய்வு அவருடைய முதுகின்மேல் விரிக்கப்பட்டிருந்தது.

கீழே இறங்கிய பின் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. நான்கு குடும்பங்களும் கூடிச் சிலவற்றை வெட்டினோம். ஞாயிறு இரவு அன்பியக் கூட்டம் மாதம் ஒருமுறை ஆயிற்று. இதனால் பக்தி குறைந்துவிடும் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஞாயிறு மதிய உணவை ஆண்கள் சமைப்பதென்று முடிவாயிற்று. முதல் வாரம் சோறு குழைந்தது. சிறு பட்டறை வைத்திருப்பவர் ஞாயிறு வேலையை நிறுத்திவிட்டு, தொழிலாளருக்கு அந்த நாள் கூலியையும் கொடுக்கிறார். இந்த ஆண்டு அவருக்கு ஆதாயம் குறையும், அதைத் தெரிந்தேதான் செய்கிறார். வங்கி நண்பர் பதவி உயர்வோடு வந்த இடமாற்றத்தை மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் அவரை இப்போது இரக்கத்தோடு பார்க்கிறார்களாம்.

பங்குப் பேரவையின் செயலர் பொறுப்பைப் பதினேழு ஆண்டுகள் சுமந்தவரும் எங்களுள் ஒருவரே. அதை இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தார். புதிய செயலர் வாசித்த முதல் அறிக்கையில் மூன்று பிழைகள் இருந்தன. திருத்துவதற்காக எழுந்த நம்மவர், ஒரு கணம் நின்று, பேசாமல் அமர்ந்துகொண்டார்.